ஒரு சீட்டு, மூன்று கைகள்: மத்ரித்தின் வெள்ளைக் கிட்டார்கள்

1916-இல் ஸ்பெயினின் மத்ரித் நகரில் கிட்டார் வினைஞர் மனுவேல் ராமிரெஸ் காலமானார். அர்லபான் தெருவில் இருந்த அவருடைய கிட்டார் பட்டறை மூடப்படவில்லை. அவர் மனைவி தொடர்ந்து நடத்தினார். கிட்டாரின் வட்டத் துளைக்குள் எட்டிப் பார்த்தால் அடிப்பலகையில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும் அல்லவா? அந்தச் சீட்டில் அதன்பின் அச்சான பெயர் 'மனுவேல் ராமிரெஸின் கைம்பெண்' என்பது. அந்த அம்மையார் உளி பிடித்தவர் அல்லர். மரத்தை இழைத்தும் வளைத்தும் ஒட்டியும் வேலை செய்தவர்கள் பட்டறையில் ஏற்கெனவே இருந்த மூவர்: சாந்தோஸ் எர்னாந்தெஸ், தொமிங்கோ எஸ்தேசோ, மொதெஸ்தோ பொர்ரெகேரோ. இந்தக் காலத்துச் சீட்டுகள் சிலவற்றில் செய்தவரின் முதலெழுத்துகள் மட்டும் சிறிதாகக் காணப்படும். சாந்தோஸுக்கு எஸ். எச்., எஸ்தேசோவுக்கு டி. இ.

அந்த இரண்டு எழுத்துகள்தான் இந்த ஆய்வின் பொருள். சைப்ரஸ் மரத்தில் செய்த, மிக இலேசான, நூறு வயதான ஒரு ஃபிளமெங்கோ கிட்டார், அதாவது ஸ்பெயினின் ஃபிளமெங்கோ பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் வாசிக்கும் கிட்டார், நம் முன் இருக்கிறது என்று கொள்வோம். சீட்டில் கடையின் பெயர் இருக்கிறது. முதலெழுத்து அழிந்திருக்கலாம், சீட்டே பிற்காலத்தில் ஒட்டியதாகவும் இருக்கலாம். செய்தது யார்? எதை வைத்துச் சொல்வது? ஏலக்கூடத்தில் இந்தக் கேள்விக்கு விலைதான் விடை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. இந்தக் கைவினை மரபு எந்த வழியாக நடந்து வந்தது என்பது இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

அண்ணன் கடை, தம்பி கடை

மனுவேலுக்கு (1864–1916) முன்னால் அண்ணன் ஹோசே ராமிரெஸைச் (1858–1923) சொல்லியாக வேண்டும். சிறு வயதிலேயே பிரான்சிஸ்கோ கொன்சாலெஸ் என்பவரின் பட்டறையில் சேர்ந்து தொழில் கற்றவர் ஹோசே. பிறகு தனிக்கடை போட்டார். தம்பி மனுவேல் அண்ணனிடமே கற்றார். தம்பி பாரிஸ் போகப்போவதாகச் சொன்னார், அண்ணனும் உதவினார், கடைசியில் தம்பி மத்ரித்திலேயே போட்டிக்கடை திறந்துவிட்டார் என்று அந்தக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்வார்கள். அதன்பின் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இந்தப் பிணக்கை வெறும் குடும்பச் சண்டை என்று விட்டுவிட முடியாது. இரண்டு கடைகளும் இரண்டு வகைக் கிட்டார்களைச் செய்தன.

அது 'கஃபே கந்தாந்தே'க்களின் காலம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் செவியா, மத்ரித் போன்ற நகரங்களில் பாட்டும் ஆட்டமும் நடக்கும் காப்பிக்கடைகள் பெருகின. பாடகர் சில்வெரியோ பிரான்கொனெத்தி செவியாவில் நடத்தியது அவற்றுள் புகழ்பெற்றது. அந்தக் கூடங்களில் ஒலிபெருக்கி கிடையாது. பலகை மேடையில் ஆடுபவரின் குதிகால் அதிரும், சுற்றியிருப்பவர்கள் கைதட்டித் தாளம் போடுவார்கள், பாடகரோ தொண்டையைக் கிழித்துக்கொண்டு பாடுவார். இவ்வளவுக்கும் நடுவில் கிட்டார் கேட்க வேண்டும். ஹோசே ராமிரெஸ் இதற்கென்றே உடல் பெருத்த, மேற்பலகை மெலிந்து சற்றே குவிந்த ஒரு வகையைச் செய்தார். 'தப்லாவோ கிட்டார்' என்று பெயர், மேடைக் கிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். சத்தம் பெரிதாக வந்தது.

மனுவேல் வேறு பக்கம் திரும்பினார். அல்மேரியாக்காரரான அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892) செய்த கிட்டார்களை அவர் கூர்ந்து பார்த்தார். இன்றைய கிட்டாரின் அளவும் உருவமும் பெரும்பாலும் தோரெஸ் வகுத்தவை. மேற்பலகையின் அடிப்பக்கத்தில் விசிறிபோல் விரியும் ஏழு மெல்லிய சட்டங்களை வைத்து, பலகையை மெலிதாக்கி, இலேசாகக் குவித்து ஒலியை மேற்பலகையிலிருந்தே வரவழைத்தவர் அவர். அதை நிரூபிக்க 1862-இல் ஒரு கிட்டார் செய்தார். மேற்பலகை நல்ல மரம், அடியும் பக்கங்களும் வெறும் காகித அட்டை. அது இன்றும் பார்சலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என்னைக் கேட்டால், கிட்டார் வரலாற்றிலேயே இதைவிட நேர்மையான பரிசோதனை கிடையாது. நம்பியதை நாலு பேர் பார்க்கச் செய்து காட்டிவிட்டார்.

தோரெஸின் அந்த வடிவத்தை எடுத்துச் சைப்ரஸ் மரத்தில், ஃபிளமெங்கோ வாசிப்பவரின் கைக்கு ஏற்றபடி செய்ததுதான் மனுவேல் ராமிரெஸ் பட்டறையின் பெரிய காரியம். அண்ணன் கடையின் பருத்த மேடைக் கிட்டார் காலப்போக்கில் ஒதுங்கியது. இன்று உலகெங்கும் 'ஃபிளமெங்கோ கிட்டார்' என்று விற்பது தம்பி கடையின் வழி வந்தது.

வெள்ளை மரம்

இந்தக் கிட்டாரை ஸ்பானியர்கள் 'பிளாங்கா', அதாவது வெள்ளை என்பார்கள். சைப்ரஸ் வெளிர்மஞ்சள் நிறம், அதனால் இந்தப் பெயர். மத்தியதரைக் கடலோரத்து மரம். ஸ்பெயினில் தோட்டங்களிலும் இடுகாடுகளிலும் ஊசிபோல் நெட்டையாக நிற்கும். நூறு வயதான கிட்டாரிலும் துளையருகே மூக்கை வைத்தால் அந்த மரவாசனை மெல்ல வரும்.

ஏன் சைப்ரஸ்? உள்ளூரில் கிடைத்தது, மலிவு. பிரேசிலிலிருந்து கப்பலேறி வந்த ரோஸ்வுட் பணக்கார வாடிக்கையாளருக்கு, பக்கத்து ஊர்ச் சைப்ரஸ் கூடத்தில் கூலிக்கு வாசிப்பவருக்கு. வெகுகாலம் 'செவ்வியல்' கிட்டாருக்கும் 'ஃபிளமெங்கோ' கிட்டாருக்கும் இருந்த பெரிய வேறுபாடு விலைதான். தோரெஸ் காலத்திலும் இப்படித்தான். ஏழையின் மரம் என்று தொடங்கியது பிறகு ஒலியின் இலக்கணமாகவே மாறிப்போனது. சைப்ரஸ் இலேசான மரம். ஒரு கன மீட்டர் சுமார் 500 கிலோ நிற்கும், ரோஸ்வுட் 800-ஐத் தாண்டும். எடை குறைந்த உடலில் தந்தியைத் தட்டியவுடன் ஒலி சட்டென்று வெடித்து எழும், அதே வேகத்தில் அடங்கும். நீண்டு நிற்கும் கார்வை செவ்வியல் வாசிப்பாளருக்கு வேண்டும். ஃபிளமெங்கோகாரருக்கு அது இடைஞ்சல், அடுத்த தாளத்தட்டு விழுவதற்குள் முந்தைய ஒலி ஒழிந்துபோக வேண்டும்.

மற்ற பாகங்களும் இந்த ஒரே நோக்கத்தில் அமைந்தவை. தந்திகள் மெட்டுகளுக்கு மிக அருகில் தாழ்ந்து ஓடும். செவ்வியல் கிட்டாரில் பிழையென்று கருதப்படும் இலேசான சலசலப்பு இங்கே வேண்டியே வைத்தது. குதிரை தாழ்வு. தலையில் உலோக முறுக்கிகள் இல்லை, வீணைக்கு இருப்பதுபோல் மரப் பிருடைகள்தான். அவை எடையை இன்னும் குறைக்கும். முழுக் கிட்டாரும் 1.2 கிலோ அளவில் நின்றுவிடும். மேற்பலகை ஸ்புரூஸ், கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் தடிப்பு. கழுத்து செத்ரோ எனப்படும் ஸ்பானிய செடர். தந்திகள் அந்தக் காலத்தில் குடல் நரம்பு. நைலான் வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான்.

தந்திகளுக்குப் பக்கத்தில் மேற்பலகையில் ஒட்டியிருக்கும் தகட்டுக்கு 'கோல்பெயாதோர்' என்று பெயர். வாசிப்பவர் மோதிர விரல் நகத்தால் மரத்தையே தட்டித் தாளம் போடுவார். தகடு இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் ஸ்புரூஸ் பள்ளம் விழுந்துவிடும். பழைய கிட்டார்கள் பலவற்றில் இந்தத் தகடு பிற்காலத்தில் ஒட்டியது. அதற்கு அடியில் பழைய நகத்தடங்கள் இருக்கும். அவை சேதம் என்று எனக்குத் தோன்றுவதில்லை. பெயர் தெரியாத ஒருவர் எத்தனையோ இரவுகள் வேலை செய்ததன் பதிவு அது.

ரோஸ்வுட் பற்றிப் பேச்சு வந்ததால் நம் பக்கத்துச் சேதி ஒன்று. பிரேசில் ரோஸ்வுட் அருகிவந்தபோது, 1960-களிலிருந்து, அதன் இடத்தை நிரப்பியது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வோம். ஸ்பானியக் கிட்டாரின் அடிப்பலகையிலும் பக்கங்களிலும் இன்று கருமையாகத் தெரிவது பெரும்பாலும் அதுதான். 'நெக்ரா', அதாவது கறுப்பு என்று ஒரு ஃபிளமெங்கோ வகையே அந்த மரத்தில் பெருகியது. 1992-இல் பிரேசில் ரோஸ்வுட்டின் பன்னாட்டு வணிகம் ஏறக்குறைய முழுமையாகத் தடைசெய்யப்பட்டது. அதனால் ரோஸ்வுட்டில் செய்த பழைய செவ்வியல் கிட்டார் எல்லை தாண்ட வேண்டுமானால் ஆவணங்கள் அடுக்க வேண்டும். சைப்ரஸ் உடலுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஏழையின் மரம் இன்று சுங்கச்சாவடியில் சுதந்திரமாக நடக்கிறது.

மரம் சொல்லும் சாட்சி

இப்போது கேள்விக்கு வருவோம். செய்தவர் யாரென்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

ஸ்பானிய முறையில் கிட்டார் செய்யும் விதம் விடை தேட உதவுகிறது. வயலினுக்கு இருப்பதுபோல் உள்அச்சு கிடையாது. 'சொலெரா' என்ற வேலைப்பலகை ஒன்று, நடுவில் சற்றுக் குழித்திருக்கும். அதன்மேல் மேற்பலகையைக் குப்புறக் கிடத்துவார்கள். சட்டங்கள் ஏற்கெனவே ஒட்டியிருக்கும். கழுத்து முதலிலேயே பலகையோடு சேரும். பக்கப்பலகைகளைச் சூடான இரும்பில் வளைத்து, கழுத்தின் அடியில் அறுத்த இரு காடிகளுக்குள் செருகுவார்கள். கழுத்தும் உடலும் இதனால் ஒன்றாகப் பிணைந்தவை, பின்னால் கழுத்தை மட்டும் கழற்றி எடுக்க முடியாது. பக்கமும் மேற்பலகையும் சேரும் விளிம்பில் சிறு சிறு மரக்கட்டைகளை வஜ்ஜிரப் பசை தடவி ஒவ்வொன்றாக விரலால் அழுத்தி ஒட்டிக்கொண்டே போவார்கள். அடிப்பலகை கடைசியில் மூடும்.

மூடிவிட்டால் உள்ளே இருப்பது யார் கண்ணுக்கும் படாது. யாரும் பார்க்கப் போவதில்லை என்ற இடத்தில்தான் ஒருவரின் கைப்பழக்கம் மறைவில்லாமல் வெளிப்படும். அந்தச் சிறு கட்டைகளை ஒருவர் சீராக நறுக்குவார், ஒருவர் முனையைச் சரித்துச் செதுக்குவார். விசிறிச் சட்டங்களின் நுனியை மெலித்து முடிக்கும் விதம் ஆளுக்கு ஆள் வேறு. கழுத்தின் அடிக்கட்டை உள்ளே நீண்டு முடியும் வடிவம் கையெழுத்துப் போலவே இருக்கும். பசை வழிந்ததைத் துடைத்தவரா, விட்டவரா என்பதுகூடத் தெரியும். சிறு கண்ணாடியையும் விளக்கையும் துளை வழியே விட்டுப் பார்ப்பது பழைய முறை. இப்போது நுண் கேமராவும் எக்ஸ்ரேயும் வந்திருக்கின்றன.

மேற்பலகையின் ஆண்டு வளையங்களை எண்ணி மரத்தின் காலத்தைக் கணிக்கும் முறையும் உண்டு. அது தருவது ஒரு பக்கத்து வரம்பு மட்டும். கடைசி வளையம் 1895 என்று வந்தால் கிட்டார் அதற்கு முன்னால் செய்யப்பட்டிருக்க முடியாது, அவ்வளவே. பலகையை எத்தனை ஆண்டு உலர வைத்தார், ஓரத்தில் எவ்வளவு இழைத்துத் தள்ளினார் என்று வளையம் சொல்லாது. வளையக் கணக்கை வைத்துச் செய்தவர் பெயரைச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

மேற்பூச்சு இன்னொரு சாட்சி. அக்காலத்தில் அரக்கைச் சாராயத்தில் கரைத்து, துணிப்பொதியால் மெல்லிய படலங்களாகத் தேய்த்து ஏற்றுவார்கள். அந்தப் படலம் ஊதினால் பறந்துவிடும் போல மெலிது. பிற்காலத்தில் யாராவது தடித்த வார்னிஷை மேலே பூசியிருந்தால் இரண்டு இழப்பு. ஒலி மந்தமாகும், வினைஞரின் பூச்சும் போய்விடும். பழைய ஃபிளமெங்கோ கிட்டார்களைப் பாழாக்கியதில் நகத்தைவிட 'புதுசாக்கித் தருகிறேன்' என்ற நல்லெண்ணத்துக்குப் பங்கு அதிகம். விரிசலை ஒட்டலாம், கழன்ற சட்டத்தைப் பழையபடி சேர்க்கலாம். பலகையை மறுபடி இழைக்கக் கூடாது, தடிப்பு போனால் போனதுதான்.

இவ்வளவுக்கும் பிறகு சீட்டு எங்கே நிற்கிறது? கடைசியில். சீட்டைத் துளை வழியே எவரும் எப்போதும் ஒட்டலாம். தோரெஸின் பெயரில் போலிச் சீட்டுகள் ஒட்டிய கிட்டார்கள் உண்டு. எனவே முதலில் மரத்தைப் படிக்க வேண்டும், சீட்டு அதோடு ஒத்துப்போகிறதா என்று பிறகு பார்க்க வேண்டும். 'கைம்பெண்' சீட்டு உள்ள கிட்டாரில் எஸ். எச். என்று இருந்தால், உள்ளிருக்கும் கட்டையும் சட்டமும் சாந்தோஸின் பிற்காலத் தனிக்கடைக் கிட்டார்களோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கவை. ஒப்பிட அந்தத் தனிக்கடைக் கிட்டார்கள் இருப்பது நம் நல்வினை.

1912-இன் கிட்டார்

சீட்டும் கையும் வேறு என்பதற்கு மிகப் புகழ்பெற்ற சாட்சி ஒரு செவ்வியல் கிட்டார். பின்னாளில் செவ்வியல் கிட்டாரில் உலகப் புகழ்பெற்ற ஆந்த்ரேஸ் செகோவியா, இளைஞராக இருந்தபோது, மத்ரித் கச்சேரிக்கு நல்ல கிட்டார் ஒன்று வாடகைக்குக் கேட்டு மனுவேல் ராமிரெஸ் கடைக்கு வந்தார். அவர் வாசிப்பைக் கேட்ட மனுவேல் காசு வாங்காமலே கொடுத்துவிட்டார். இது செகோவியாவே பின்னாளில் சொன்ன கதை. 1912 என்று சீட்டிட்ட அந்தக் கிட்டாரோடுதான் அவர் உலகைச் சுற்றினார். மியூனிக் நகரத்துக் கிட்டார் வினைஞர் ஹெர்மன் ஹவுசர் அதைப் பார்த்துத் தன் கிட்டார்களின் போக்கையே மாற்றிக்கொண்டார். 1937-இல் ஹவுசர் செய்த கிட்டாருக்கு மாறும்வரை செகோவியாவின் கையில் இருந்தது அதுதான். இன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீட்டில் பெயர் மனுவேல் ராமிரெஸ். அதைப் பட்டறையில் செய்த கை சாந்தோஸ் எர்னாந்தெஸுடையது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.

இதில் மனுவேல் ஏமாற்றினார் என்று சொல்வது அறியாமை. மரத்தைத் தேர்ந்தவர், வடிவத்தை வகுத்தவர், கடையின் தரத்துக்குப் பெயர் கொடுத்தவர் அவர். வேலையாள் செய்ததற்குக் கடைப்பெயர் போடுவது அன்றைய தொழில் வழக்கம். ஆனால் அந்த வழக்கத்தால், நாற்பது வயதை நெருங்கிய, தேர்ந்த ஒரு வினைஞரை வெளியில் யாரும் அறியாமல் போனார்கள். முதலாளி இறந்து, அவர் மனைவியின் சீட்டில் இரண்டு எழுத்துகளுக்கு இடம் கிடைத்தபோதுதான் மறைவிலிருந்த கை முதன்முறையாகத் தாளில் தெரிந்தது. அந்தக் கைம்பெண்ணின் சீட்டை நான் மதிப்பது இதற்காக.

பெயர் வெளியே வந்தபின்

மூவரும் பிரிந்தார்கள். எஸ்தேசோ கிராவினா தெரு 7-ஆம் எண்ணில் கடை திறந்தார். சாந்தோஸ் 1920-களின் தொடக்கத்தில் தனியே நின்றார், அதுவானா தெரு 27 என்பது அவர் சீட்டுகளில் காணும் முகவரி. ஃபிளமெங்கோவைத் தனிவாசிப்பாக உயர்த்திய ரமோன் மொந்தோயா, பிறகு சபிகாஸ் போன்றவர்கள் சாந்தோஸின் கிட்டார்களை வாசித்தார்கள். பாடகருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கருவி தனியாக மேடை ஏறிய காலமும் இந்தச் சைப்ரஸ் கிட்டார்கள் முதிர்ந்த காலமும் ஒன்றுதான். தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கருவி தெளிவாகப் பதில் சொல்லும்போது வாசிப்பவர் கூடுதலாகக் கேட்பார்.

எஸ்தேசோ 1937-இல், உள்நாட்டுப் போரில் மத்ரித் முற்றுகைக்குள் இருந்தபோது இறந்தார். மறுபடியும் அதே கதை. சீட்டு 'தொமிங்கோ எஸ்தேசோவின் கைம்பெண்ணும் மருமக்களும்' (இங்கே மருமக்கள் என்றால் உடன்பிறந்தார் பிள்ளைகள் முறை) என்று மாறியது, பிறகு 'மருமக்கள்', அதற்குப் பின் 'கோந்தே எர்மானோஸ்', அதாவது கோந்தே சகோதரர்கள். ஃபிளமெங்கோ கிட்டார் கலைஞர் பாக்கோ தெ லூசியாவின் கையில் உலகம் பார்த்த கிட்டார்கள் இந்தக் கடையிலிருந்து வந்தவை.

சாந்தோஸின் வழி வேறுவிதம். வேலை செய்வதைப் பிறர் பார்க்க விடமாட்டார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். தனக்குப் பின் கடையை ஏற்க ஒரு சீடரை அவர் வளர்க்கவில்லை. 1943-இல் அவர் இறந்தபோது பட்டறையில் பாதியில் நின்ற கிட்டார்கள் இருந்தன. அவர் மனைவி, மத்ரித்திலேயே தொழில் செய்துவந்த மார்செலோ பர்பெரோவை அழைத்து அவற்றை முடித்துத் தரச் சொன்னார். வாழ்நாளெல்லாம் மூடி வைத்த வேலையைப் பர்பெரோ இப்படித்தான் உள்ளிருந்து படித்தார். செய்தவர் பேசவில்லை. மூடப்படாத உடலில் அவர் ஒட்டிய கட்டைகளும் மெலித்த சட்டங்களும் பேசின. பர்பெரோவின் பிற்காலக் கிட்டார்களைச் சாந்தோஸுடையவற்றின் அருகில் வைத்தால் அந்தப் பாடம் தெரியும்.

பர்பெரோ 1956-இல் காலமானார். அவரிடம் கற்ற ஆர்க்காங்கெல் பெர்னாந்தெஸ் அடுத்த ஆண்டுகளில் 'ஹெசூஸ் இ மரியா' தெருவில் சொந்தப் பட்டறை நடத்தினார். ஆசிரியர் இறந்தபோது அவருடைய மகன் சிறுவன், அப்பாவின் பெயரே அவனுக்கும். அவனை ஆர்க்காங்கெல் தன் பட்டறையில் சேர்த்துக்கொண்டு, அப்பாவிடம் தான் கற்றதை மகனுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தச் சிறுவன் வளர்ந்து செய்த கிட்டார்களின் சீட்டில் 'மார்செலோ பர்பெரோ, மகன்' என்று இருக்கிறது.